சென்னையின் சிலுவைச் சிந்தனையும் யூத மறுப்பும்

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 9ஆம் தேதி இரவு தொடங்கி, ஜெர்மனியெங்கும் யூத ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. நவம்பர் 26ஆம் தேதி ‘ஹரிஜன்’ இதழில் காந்தி யூதர்களைப் பற்றி எழுதினார். ஜெர்மனியில் அவர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்றார். 1939 பிப்ரவரி 24 தேதியிட்டு யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் எருசலேமிலிருந்து அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நான்கு மாதத்துக்குள் நடந்த இவற்றைச் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தாம்பரம் திருச்சபை வரலாற்றுக்காரர்களிடம் போய்விட்டது. பூபரின் கடிதம் காந்தியர்களிடம் போய்விட்டது. சேர்த்துப் படித்தால் ஒரு குறை கண்ணில் படும். சென்னையில் உருவான சிலுவைச் சிந்தனை இந்து மரபோடு ஆழமாக உரையாடியது. யூத மறுப்பைத் தன் எதிர்வாதியாக அது ஏற்கவில்லை. அதனால் சிலுவையைப் பற்றிய மிகக் கடினமான கேள்வி இங்கே கேட்கப்படாமலே போயிற்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

பூபரின் கடிதத்தில் ஓரிடம் இதற்கு முக்கியம். இயேசுவைச் சிலுவையில் அறைந்தவர்களோடு நான் நின்றிருக்கமாட்டேன், அவரைப் பின்பற்றியவர்களோடும் நின்றிருக்கமாட்டேன் என்ற பொருளில் அவர் எழுதுகிறார். நன்மையை அழிக்க வரும் தீமையை எதிர்க்காமல் இருக்கத் தன்னால் ஆகாது என்பது அவர் சொல்லும் காரணம். காந்தியும் சிலுவையின் மீட்பியலை ஏற்காதவர்தாம். இயேசுவைத் தியாகியாக ஏற்கலாம், அவருடைய சாவில் மறைபொருளான ஆற்றல் ஏதும் உண்டென்று ஏற்க முடியாது என்பதைத் தன்வரலாற்றிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் 1931 டிசம்பரில் வத்திக்கானில் கண்ட சிலுவை உருவம் அவரை உலுக்கியது. துன்பத்தை ஏற்பதன் வழியே எதிரியை மாற்றும் வழிக்கு அவர் சிலுவையை முன்மாதிரியாகக் கொண்டார். மேலோட்டமாகப் பார்த்தால் இரு மறுப்பும் ஒன்று போலத் தோன்றும். காந்தி கோட்பாட்டை விலக்கி முன்மாதிரியை வைத்துக்கொள்கிறார். பூபர் முன்மாதிரியையும் எல்லாருக்குமான விதியாக ஏற்க மறுக்கிறார். ஜெப ஆலயங்கள் எரிந்து நான்கு மாதம்கூட நிறையாத நாட்டிலிருந்து தப்பி வந்தவர்களின் நடுவே உட்கார்ந்து எழுதியவர் அவர்.

இனி கோட்பாட்டுக்கு வருவோம். பாவத்துக்குப் பரிகாரமாகக் குற்றமற்ற ஒருவரின் இரத்தம் தேவை, அந்தத் தேவை கொல்கொதாவில் ஒரே தரமாக நிறைவேறிற்று என்பது கிறிஸ்தவ மீட்பியலின் பரவலான வடிவம். யூத மறுப்பு ‘அந்த ஆள் மெசியா அல்ல’ என்பதோடு நிற்பதில்லை. அது தேவை என்ற முதற்படியிலேயே தொடங்குகிறது. இரத்தமே பாவநிவிர்த்தி செய்கிறது என்பதற்கு லேவியராகமம் 17ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அதே நூலின் 5ஆம் அதிகாரத்தில், ஆடோ புறாவோ கொண்டுவர வசதியில்லாத ஏழை, எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம் என்ற விதி இருக்கிறது. ஏழையின் பாவம் மாவினாலேயே மன்னிக்கப்படுகிறது. எபிரெயர் நிருபத்தின் ஆசிரியரும் 9ஆம் அதிகாரத்தில் ‘ஏறக்குறைய’ என்ற எச்சரிக்கையோடுதான் இரத்தம் சிந்துதலின் தேவையைச் சொல்கிறார். நம் பிரசங்கங்களில் அந்த எச்சரிக்கை காதில் விழுவதில்லை. நினிவே நகரத்தார் பலியிட்டதாக யோனா புத்தகம் சொல்லவில்லை. உபவாசித்தார்கள், தங்கள் வழியை விட்டுத் திரும்பினார்கள், தப்பினார்கள். யோம் கிப்பூர் எனும் பாவநிவாரண நாளின் பிற்பகலில் யூதர்கள் முழுமையாக வாசிப்பது இந்தப் புத்தகத்தைத்தான்.

கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின் பலிக்கு வழியே இல்லாமல் போனது. இடிபாட்டைக் கண்டு அழுத சீடனிடம் ரப்பி யோகனான் பென் சக்காய் சொன்னதாக ஒரு மரபு உண்டு: பலிக்கு ஈடான பாவநிவிர்த்தி இன்னும் நம்மிடம் இருக்கிறது, அது அன்பின் செயல். ஏறத்தாழ அதே காலத்தில் அதே அழிவைக் கண்ட கிறிஸ்தவர்கள், பலி ஏற்கெனவே நிறைவேறிவிட்டது என்றார்கள். ஒரே இழப்புக்கு இரு விடைகள். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி வகுத்த எல்லை. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றத்தைப் பாவநிவாரண நாள் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் தீர்க்காது. கொலையுண்டவன் சார்பில் மன்னிக்கக் கடவுளுக்கும் உரிமை இல்லையா என்ற கேள்வி இங்கிருந்து கிளைக்கிறது. சிலுவை எல்லாக் கடனையும் அடைத்துவிட்டது என்பவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

யூத மரபில் பிறருக்காகப் படும் பாடு என்ற எண்ணமே இல்லை என்று சில வாதிகள் சொல்வது மிகை. நான்காம் மக்கபேயர் நூல் இரத்தசாட்சிகளின் மரணத்தை மக்களுக்கான பரிகாரமாகப் பேசுகிறது. நீதிமான்களின் மரணம் பாவநிவிர்த்தி செய்யும் என்று தல்மூதிலும் ஓரிடம் உண்டு. ஈசாக்கு பலிபீடத்தில் சாம்பலானதாகவே பேசும் மித்ராஷ் கதைகளும் உண்டு. ஆதியாகமம் 22இன்படி அங்கே எரிந்தது ஆட்டுக்கடா. ஜான் லெவன்சன் 1993இல் வெளியிட்ட நூல், சிலுவைக் கோட்பாட்டின் வேர் இந்த யூதக் கதைகளுக்குள் எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதைக் காட்டியது. ஆகவே வேற்றுமை ‘பதிலாள் உண்டா இல்லையா’ என்பதில் இல்லை. ஒரு மரணத்தோடு கணக்கு முடிந்துவிடுமா, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஆளும் திரும்ப வேண்டுமா என்பதில் இருக்கிறது. ஏசாயா 53இன் துன்புறும் ஊழியனை இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி இஸ்ரவேல் மக்களாகவே விளக்கினார். 1096இல் சிலுவைப்போர்க் கும்பல்கள் ரைன் நதிக்கரை யூதர்களை வெட்டிச் சாய்த்தபோது உயிரோடிருந்தவர் அவர்.

இடைக்கால யூத அறிஞர் நாக்மனிதேஸ் 1263இல் பார்சிலோனாவில் அரசன் முன்னிலையில் நடந்த விவாதத்தில் இன்னொரு வாதத்தை வைத்தார்: மெசியா வந்தால் உலகில் கொடுமை ஓயும் என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்கள், இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் கொள்ளையாலும் வன்முறையாலும் நிறைந்திருக்கிறதே? மீட்பு உள்ளத்தில் நடந்துவிட்டது என்று கிறிஸ்தவர் சொல்லும் விடையை யூதர் ஏற்பதில்லை. வெளியே தெரியாத மீட்பு அவர்களுக்கு மீட்பல்ல.

சிலுவையின் வரலாற்றுப் பக்கம் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. சிலுவை ரோமரின் தண்டனை. மிஷ்னா கூறும் நால்வகை மரண தண்டனைகள் கல்லெறிதல், எரித்தல், சிரச்சேதம், கழுத்தை நெரித்தல். சிலுவை அதில் இல்லை. கி.மு. 4இல் ரோம ஆளுநர் வாருஸ் சுமார் இரண்டாயிரம் யூதரைச் சிலுவையேற்றினான் என்றும், எருசலேம் முற்றுகையில் நாளொன்றுக்கு ஐந்நூறு பேர்வரை அறையப்பட்டார்கள் என்றும் யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதுகிறார். 1968இல் எருசலேமின் வடபகுதியில், குதிகாலெலும்பில் ஆணி தைத்தபடியே கிடைத்த யோகனான் என்ற வேறொருவரின் எலும்பு அந்தப் பல்லாயிரவரில் ஒருவருடையது. பால் வின்டர் 1961இல் வெளியிட்ட ஆய்வு, இயேசுவின் விசாரணைக்கான பொறுப்பைப் பிலாத்துவிடம் திருப்பியது. இஸ்ரேலின் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹைம் கோன் ஒருபடி மேலே போய், யூதரின் ஆலோசனைச் சங்கம் இயேசுவைக் காப்பாற்றவே அன்றிரவு கூடியது என்றார். அது வக்கீலின் வாதம். சான்று அவ்வளவு தூரம் தாங்காது. வின்டரே போதும்.

யூதருக்குச் சிலுவை ஏன் வெறும் கோட்பாட்டுச் சின்னமல்ல என்பதற்குச் சென்னையிலேயே தடயம் உண்டு. 1680களில் ஜார்ஜ் கோட்டையின் நிழலில் வைரமும் பவளமும் விற்ற போர்ச்சுகீசிய வம்சாவளி யூதர்கள் இருந்தார்கள். கோல்கொண்டா வைரத்துக்காக வந்த ஜாக் டி பைவா 1687இல் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டார். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகரும் இருந்தனர்: பார்த்தலோமியோ ரோட்ரிகெஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ டா ஃபொன்சேகா. முழுக்கக் கிறிஸ்தவப் பெயர்கள். 1497இல் போர்ச்சுகல் தன் யூதர்களைக் கட்டாய ஞானஸ்நானத்துக்குள் தள்ளிய வரலாற்றின் தழும்பு அது. கோட்டைக்குத் தெற்கே சில மைல் தள்ளியிருந்த சாந்தோம் முன்பு போர்ச்சுகீசியரின் ஊர். கோவாவின் மத விசாரணை மன்றம் அங்கேயும் கை நீட்டும். 1649இல் சென்னையிலிருந்த கப்பூச்சின் துறவி எப்ரேம் டி நெவர் அங்கேதான் பிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். கத்தோலிக்கத் துறவிக்கே அந்த நிலை. மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா இறந்து ஆண்டுகள் கழிந்தபின் 1580இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்ததும், 1569இல் அவருடைய சகோதரி காத்தரினாவை உயிரோடு எரித்ததும் அதே மன்றம்தான். ஒளித்து வைத்த யூத மார்க்கம் அவர்களின் குற்றம். பவளக்காரத் தெருவில் வாழ்ந்த அந்த யூதர்களுக்குச் சிலுவை, தண்டனை ஊர்வலத்தின் முன்னே தூக்கி வரப்பட்ட பொருள்.

தாம்பரம் மாநாட்டையொட்டி, 1938இலேயே, சென்னைச் சிந்தனையாளர்கள் ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மீள்சிந்தித்தல்’ என்ற பொருள்தரும் தலைப்பில் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். கிறிஸ்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்ற டச்சு மிஷனரி அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரின் கடுமையான நிலைப்பாட்டுக்கு எதிர்வினை அது. அதன் முன்னணியில் இருவர்: வெங்கல் சக்கரையும் அவருடைய மைத்துனர் பி. சென்சையாவும். சக்கரை தொழிற்சங்கத் தலைவர். பின்னாளில் சென்னை மேயர். இயேசுவை அவதாரமாக விளக்கியவர், 1932இல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் எதிரெதிர் வைத்து ஒரு நூலே எழுதினார். அவருக்குச் சிலுவை மையம். ஏ. ஜே. அப்பாசாமி பக்தி மார்க்கத்தின் வழியே சிலுவையில் கடவுளின் அன்பைக் கண்டார். புதுக்கோட்டையில் தலைமை நீதிபதியாக இருந்த சென்சையா வேறு வழி போனார்: கிறிஸ்தவத்தின் சாரம் பாவப்பரிகாரத்தில் இல்லை, இயேசுவில் தோன்றிய புதுப்படைப்பில் இருக்கிறது என்றார்.

இந்த மூவரில் யூத மறுப்புக்கு மிக அருகே வருபவர் சென்சையா. இரத்தப் பரிகாரத்தை மையத்திலிருந்து நகர்த்தினார். ஆனால் இந்தியக் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டின் இடத்தில் இந்து நூல்களை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கும் இடம் கொடுத்தவர் அவரே. எந்த நூல்களில் மாவுப் பலியும் நினிவேயும், பாவி திரும்பினால் பிழைப்பான் என்னும் எசேக்கியேல் 18உம் இருக்கின்றனவோ, அவர் வாதத்துக்கு வலுவான சாட்சி எங்கே இருக்கிறதோ, அதையே தள்ளிவைக்கத் துணிந்தார். ஐரோப்பாவில் அதே ஆண்டுகளில் ஜெர்மன் கிறிஸ்தவர் இயக்கம் எபிரெய வேதத்தைத் திருச்சபையிலிருந்து அகற்றத் துடித்தது. சென்சையாவின் நோக்கம் முற்றிலும் வேறு. யூத வெறுப்பு அவரிடம் இல்லை. ஆனாலும் யூதர் உயிருள்ள எதிர்வாதியாக அவையில் இல்லாதபோது அவர்களின் வேதத்தைத் தள்ளுவது எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது.

தமிழில் எபிரெய வேதத்தை மிஷனரிகளுக்கு எதிராக முதலில் வலுவாகக் கையாண்டவர் ஒரு சைவர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ நூலில், சைவ ஆலயக் கிரியைகளுக்கு ஒப்பானவற்றைப் பழைய ஏற்பாட்டு ஆலய வழிபாட்டிலிருந்து வரிசையாக எடுத்துக் காட்டினார். அந்தச் சடங்குகள் சிலுவையில் முடிந்துவிட்டன என்பதே மிஷனரிகளுக்கு இருந்த விடை. யூதர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாவலர் தம் காரணங்களுக்காகக் கேட்டுவிட்டார் என்பது தமிழ்ச் சமய வரலாற்றின் சுவையான திருப்பங்களில் ஒன்று.

இது நூலகத்தோடு நின்றுவிடும் பிரச்சினை அல்ல. கரையான்சாவடி வழியாகப் பரங்கிமலைக்குப் போகும் மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் முடிவில், மலைக்கோயிலின் பலிபீடத்தில், பகலவி எழுத்துப் பொறித்த ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547இல் போர்ச்சுகீசியர் கண்டெடுத்தது. பாரசீகக் கிறிஸ்தவ மரபில் செதுக்கப்பட்ட அதில் அறையப்பட்ட உடல் இல்லை. போர்ச்சுகீசியர் காலத்தில்தான், 1558 முதல், அது இரத்தம் வியர்த்ததாகச் சொல்லப்பட்டது. இன்று இந்தச் சாலையோரச் சபைகளில் ‘இயேசுவின் இரத்தம் ஜெயம்’ என்ற முழக்கமே மேலோங்கி நிற்கிறது. மாவுப் பலி யாருக்கும் நினைவில்லை. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில் ஏழு வார்த்தைகளையும் பிரசங்கிப்பவர்களில் பலர், ‘இவருடைய இரத்தம் எங்கள்மேல் இருக்கட்டும்’ என்று கூட்டம் சொல்லும் மத்தேயு 27:25ஐ ஓர் இனத்தின் மேல் விழுந்த நிரந்தரச் சாபமாக விளக்கிவிட்டு நகர்கிறார்கள். கடவுளே திட்டமிட்ட மீட்புக்கு ஒரு மக்கள்கூட்டத்தை எப்படிக் குற்றவாளியாக்குவது என்று யூதர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். ஓரளவு விடை கிறிஸ்தவர்களிடமே உண்டு: யூதரின் பாவத்தைவிட நம் பாவமே இதில் பெரிது என்று திரெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூல் 1566இலேயே சொன்னது. அது பீடங்களுக்கு வந்துசேர நானூறு ஆண்டாயிற்று. குடும்பத்தை நாஜி முகாமுக்குப் பறிகொடுத்த பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக் 1960இல் திருத்தந்தை 23ஆம் ஜானை நேரில் கண்டு முறையிட்டார். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்தை அன்றைய யூதர் அனைவர் மேலும், இன்றைய யூதர் மேலும் சுமத்தக் கூடாது என்று அறிவித்தது.

கிறிஸ்தவர் தம் சிலுவை நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்று யூத மறுப்பு கேட்கவில்லை. அது கேட்பது, மன்னிப்பைப் பேசும்போது பாதிக்கப்பட்டவரைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதையும், வெளியே தெரியும் அநீதி ஓயாதவரை மீட்பு முடிந்துவிட்டதாக அறிவிக்க அவசரப்படக் கூடாது என்பதையும்தான். சக்கரையின் பக்திக்கும் சென்சையாவின் புதுப்படைப்புக்கும் இந்த இரண்டும் தேவைப்பட்டிருக்கும். கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியிலும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலும் கிறிஸ்தியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், இந்த இருவரையும் நடத்தும் வகுப்பிலேயே பூபர் காந்திக்கு எழுதிய கடிதத்தையும் யோமா பகுதியையும் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். அவர்களே அடுத்த பெரிய வெள்ளிப் பிரசங்கத்தை எழுதப் போகிறவர்கள்.