நாய் உணவு டப்பாவில் ஒரு கணக்கு

நம் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் நாய்க்கு மீந்த சோறும் மீன் தலையும்தான் சாப்பாடு. இப்போது கடைகளில் டப்பா உணவும் வந்துவிட்டது. அதன் கதையைக் கேளுங்கள்.

1922-இல் அமெரிக்காவில் கென்-எல் ரேஷன் என்ற பெயரில் குதிரை இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வரவே, உலர் உணவு பெருகியது.

2007-இல் சீனாவிலிருந்து அங்கே போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது. சோதனையில் நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். மெலமைனில் நைட்ரஜன் அதிகம். கணக்கு சரியாக வந்தது. சிறுநீரகம் கெட்டு நாய்களும் பூனைகளும் செத்தன. வங்கியில் நாங்கள் பார்த்ததுதான்: கூட்டல் சரியாக இருக்கும், வவுச்சர் பொய்யாக இருக்கும்.

ஆகவே புரத எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பட்டியலில் முதலில் இருப்பதுதான் எடையில் அதிகம். அது இறைச்சியா என்று பாருங்கள். ஈரப்பதம் 78, புரதம் 8 சதவீதம் என்றிருந்தால், நீர் போக மீதி 22-இல் 8, அதாவது சுமார் 36 சதவீதம். உலர் உணவிலும் இப்படியே ஈரத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

டப்பாவைத் தூக்கி எறியுமுன் பேட்ச் எண்ணைக் குறித்து வையுங்கள். நாய் வாந்தியெடுத்து, சாப்பிடாமல் படுத்துவிட்டால், கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது அதற்கு என்ன கொடுத்தீர்கள் என்றுதான்.