நீதிமன்றம் கண்ட பொம்மைகள்

நூதனசாலை என்றதும் மன்னர் அணிந்த முடியும், சிற்பி செதுக்கிய சிலையுமே நம் நினைவில் எழுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், டொபீகா நகரிலுள்ள தேசிய நினைவிடமொன்றோ கறுப்பு நிறக் குழந்தைப் பொம்மையொன்றைப் பேணி வைத்திருக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த மன்றோ பாடசாலைக் கட்டடமே அந்நினைவிடம். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து மலிவாக விற்கும் பொம்மைக்கு அங்கே இடம் கிடைத்தது எவ்வாறு?

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் தம்பதியர் கறுப்பின உளவியலறிஞர். 1940ஆம் ஆண்டளவில் அவர்கள் நான்கு பொம்மைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். இரண்டு பழுப்பு நிறமும் கருங்கூந்தலும் உடையன; இரண்டு வெண்ணிறமும் பொன்னிறக் கூந்தலும் உடையன. மற்றெல்லாவற்றிலும் நான்கும் ஒன்றே. கையால் செய்த பொம்மையாயின் முகத்துக்கு முகம் வேறுபடும். பிள்ளை எதைக் கண்டு விரும்பியது என்று துணிதல் அரிது. இங்கோ வேறுபாடு நிறமொன்றே.

மூன்று முதல் ஏழு வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. விளையாட விரும்பும் பொம்மை எதுவென்றபோது நூற்றுக்கு 67 பேர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். பார்வைக்குத் தீயது எதுவென்றபோது நூற்றுக்கு 59 பேர் பழுப்புப் பொம்மையைக் காட்டினர். இறுதியாக, "உன்னைப் போன்றது எது?" என்றபோது சில பிள்ளைகள் அழுதனர், இருவர் அறையை விட்டே ஓடினர்.

1951ஆம் ஆண்டில் தென் கரோலினா வழக்கொன்றிலே கென்னத் கிளார்க் இத்தகைய சோதனை பற்றிச் சாட்சியமளித்தார். 1954 மே 17ஆம் நாள், பாடசாலைகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் கட்டுரையும் சுட்டப்பட்டது.

இச்சான்றுக்கு மறுப்பும் எழாமலில்லை. இனங்கள் கலந்து கற்ற வடபகுதிப் பிள்ளைகளும் வெள்ளைப் பொம்மையையே, சற்று மிகுதியாகவும், விரும்பினரே என்று அறிஞர் சிலர் வினவினர். வினா நியாயமானதே. ஆயினும் அது பொம்மையின் சாட்சியைப் பொய்யாக்கவில்லை. தன்னைத் தாழ்வாக எண்ணும் பாடத்தைப் பிள்ளை வகுப்பறையில் மட்டுமன்றித் தெருவிலும் கடையிலும் கற்றுவிடுகிறது என்பதையே அது காட்டுகிறது.

நூதனசாலையிலுள்ள பொம்மை எவரும் வாங்கக்கூடிய சரக்காயிருந்தது. அதைச் சுட்டிய சிறு விரல்களே அதனை வரலாற்றுப் பொருளாக்கின. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம் ஒவ்வொருவரும் அவ்விரல்களை நினைவிற் கொள்ளல் தகும்.