பாஸ் கித்தாரில் எதிர்முழக்கச் சேர்க்கை

பாஸ் கித்தார் என்னும் மந்தர ஸ்தாயி வாத்தியத்தின் நாதத்தோடு, அது கல்மண்டபத்திலோ விசாலமான சபையிலோ ஒலித்தாற்போன்ற எதிர்முழக்கத்தைக் கருவிகளின் துணைகொண்டு கூட்டும் முறை, ஒலிப்பதிவுக் கலையில் மிகுந்த தயக்கத்தோடு கையாளப்பட்டு வந்ததொன்றாகும். பாடகரின் குரலுக்கும் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் தாராளமாக வழங்கப்பட்ட இவ்வலங்காரம் இவ்வொரு வாத்தியத்துக்கு மட்டும் நெடுங்காலம் மறுக்கப்பட்டது ஏன் என்று விசாரித்தால், இதன் சரித்திரத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

எழுந்த நாதம் நேரே செவிக்கு வருவதோடு அமையாமல், சுவரிலும் விதானத்திலும் தரையிலும் மீண்டும் மீண்டும் பட்டுத் திரும்பி, ஒன்றையொன்று பிரித்தறிய இயலாத எண்ணற்ற சிற்றலைகளாகிப் படிப்படியே தேய்ந்து மறைவது எதிர்முழக்கம். தனித்துத் திரும்பிக் கேட்கும் எதிரொலி இதனின்றும் வேறானது. இதனைச் செவியாரக் கேட்க விரும்புவோர்க்கு, 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதியின் காலத்தில் நிறைவெய்தியதும், 1212 தூண்களை உடையதென்று கூறப்படுவதுமாகிய இராமேசுவரத்து மூன்றாம் பிராகாரத்தைவிடச் சிறந்த பாடசாலை தென்னாட்டில் இல்லை. கல்லும் சுதையும் தம்மீது படும் ஒலியில் மிகச் சிறு பங்கையே உட்கொள்ளுமாதலால், அங்கே ஒலித்த மணியின் ஓசை உடனே அடங்குவதில்லை. பாஸ் கித்தாரின் தடித்த தந்தியோ வினாடிக்கு 41 முறையளவே அதிர்வது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 8.4 மீட்டர், அதாவது அப்பிராகாரத்து நடைபாதையின் அகலத்தையும் விஞ்சுவது. இத்தகைய நெடிய அலைகளைத் திரைச்சீலையும் விரிப்பும் தடுத்து நிறுத்த மாட்டா; ஆகவே உச்ச ஸ்வரங்கள் மறைந்த பின்னும் தாழ்ந்த ஸ்வரங்கள் மண்டபத்தில் தங்கி, அடுத்து வரும் ஸ்வரத்தை மூடிக் கலக்கிவிடுகின்றன.

தாழ்ந்த நாதத்தின் இவ்வலிமையை நம்மவர் முன்பே உணர்ந்திருந்தனர். இராமநாதபுரத்தை அடுத்த உத்தரகோசமங்கையில், மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடிய அத்திருத்தலத்தில், மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் எழுந்தருளியிருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்புக் களைந்து தரிசனம் தருவது நாடறிந்த வழக்கம். மத்தள முழக்கத்தின் அதிர்ச்சியை மரகதம் தாங்காது என்னும் நம்பிக்கை இவ்வழக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்நம்பிக்கைக்குப் பௌதிக சாஸ்திரம் என்ன தீர்ப்புக் கூறினும், தாழ்ந்த நாதம் செவியோடு நின்றுவிடுவதன்று, உடலையும் பொருளையும் தீண்டுவது என்ற அநுபவ ஞானம் அதனுள் பொதிந்திருப்பதாகவே கொள்ள வேண்டும்.

நம் இசை மரபில் தாழ்ந்த நாதம் இருவகையாகவே வாழ்ந்து வந்திருக்கிறது. தம்புராவின் மந்தரம் நெடிது நிற்பது, ஆனால் இடம் பெயராதது. மிருதங்கத்தின் இடந்தலையாகிய தொப்பி, சி. எஸ். முருகபூபதி போன்ற இராமநாதபுரத்து வித்வான்களின் கையில் கும்கி என்னும் வளைநாதமாய் நெளிவது, ஆனால் கணத்தில் அடங்கிவிடுவது. பாஸ் கித்தாரோ நிற்கவும் செய்கிறது, நடக்கவும் செய்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே கூடியமையால்தான் எதிர்முழக்கம் அதற்கு ஒரு சங்கடமாயிற்று.

எதிர்முழக்கத்தை அளந்தறியும் சாஸ்திரம், 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்காமற்போகவே, அதனைச் சீர்திருத்தும் பொறுப்பை ஏற்ற வாலஸ் சபைன் என்பாரால் பிறந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து பரப்பி, ஒலி தேயும் காலத்தை ஆர்கன் குழலொன்றின் துணையால் அளந்து, மண்டபத்தின் கன அளவுக்கும் ஒலியை உட்கொள்ளும் பரப்புக்கும் உள்ள சம்பந்தத்தைச் சூத்திரமாக்கினார். செயற்கை முழக்கமோ வேறு வழிகளில் வந்தது. 1947இல் சிக்காகோவில் பில் புட்னம் குளியலறையையே எதிர்முழக்க அறையாக்கி ஒரு ஹார்மோனிகா இசைத்தட்டைப் பதிவு செய்தார். 1957இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் அகன்ற எஃகுத் தகட்டை அதிரச் செய்யும் 140 என்னும் கனத்த யந்திரத்தை வெளியிட்டது. ஹாம்மண்டு ஆர்கனுக்கென்று அமைந்த சுருள்வில் முறையை ஃபெண்டர் நிறுவனம் 1961 முதல் கித்தார்க் கலைஞர்க்கு வழங்கலாயிற்று.

பாஸ் கித்தாரைப் பெருவழக்காக்கியதும் அதே ஃபெண்டர் நிறுவனமே. 1930களில் சியாட்டிலில் பால் டுட்மார்க் இத்தகைய வாத்தியமொன்றைச் செய்திருந்தாரெனினும், 1951இல் வந்த பிரிசிஷன் பாஸே உலகெங்கும் பரவியது. ஆயினும் அந்நாளில் பாஸுக்கென்று அந்நிறுவனம் விற்ற பாஸ்மேன் ஒலிபெருக்கியில் எதிர்முழக்கச் சுருள்வில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்த அதிர்வுகள் வில்லைக் குலுக்கிக் கரகரப்பான குழப்பத்தையே தந்தன.

1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் கிங் டப்பி முதலியோர் வளர்த்த டப் இசை இவ்விஷயத்தில் மகத்தான பாடமாகும். முரசும் கித்தாரும் குரலும் முழக்கத்தில் தோய்ந்து தொலைவுக்குச் சென்று மறைய, பாஸ் பெரும்பாலும் முழக்கம் சேராத உலர்ந்த நிலையிலேயே நடுவில் நின்றது. சூழ உள்ள யாவும் கரைந்தமையால் அதன் உறுதி பன்மடங்கு புலப்பட்டது. முழக்கத்தை மறுப்பதும் ஓர் அலங்காரமே என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் எவருமிலர்.

தமிழ்த் திரையிசையில், விஸ்வநாதன் இராமமூர்த்தி காலத்து வாத்தியக் குழுக்களில் பெரிய டபுள் பேஸ் வகித்த ஸ்தானத்தைப் பாஸ் கித்தார் மெல்ல மெல்லக் கைக்கொண்டது. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு தோன்றிய இளையராஜாவின் இசையில் அது தாளத்துக்குத் துணைபோகும் வேலையை விட்டு, பாட்டின் மெட்டுக்கு எதிரே தனக்கென ஒரு மெட்டை நடத்தத் தொடங்கிற்று. பல்லாண்டுகள் அவருக்கு வாசித்த சசிதரனின் விரல்களில் அது இரண்டாவது பாடகனாகவே ஒலித்தது. இத்தகைய நுட்பமான நடைக்கு முழக்கம் பகையாகும். ஸ்வரத்தின் தொடக்கமும் முடிவும் ஒருங்கே கேட்டாலன்றி எதிர்மெட்டு விளங்காது. 1978இல் ‘ப்ரியா’வின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் வந்து, வயலின் கூட்டம் இருபுறமும் விரிந்து பரந்த பின்னரும் பாஸ் நடுவிலேயே, செவிக்கு அணித்தாக, நிலைபெற்றது. 1992இல் ‘ரோஜா’ வழியாக அறிமுகமான ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் மின்னணு முழக்கம் பாட்டின் வெளியையே மாற்றியமைத்தபோதிலும், கீத் பீட்டர்ஸ் போன்றோர் அவருக்கு வாசித்த பாஸ் அவ்வெளியில் கரைந்துவிடவில்லை. தமிழர் செவி இவ்வாத்தியத்தை அடித்தளமாக மட்டுமன்றிப் பாட்டாகவும் கேட்கப் பழகியதற்கு இந்தக் கட்டுப்பாடே பெரிதும் காரணம் என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

பாஸ் தானே முன்னின்று பாடும் இடங்களில் நிலைமை வேறு. அமெரிக்கராகிய ஜாக்கோ பஸ்டோரியஸ் 1976இல் வெளியிட்ட தம் முதல் இசைத்தட்டில், தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் உச்ச நாதங்களாலேயே ஒரு முழு உருப்படியை வாசித்தார். அவ்வுயர்ந்த ஸ்தாயியில் முழக்கம் தீங்கு செய்வதில்லை, அழகே செய்யும். 1969இல் மான்ஃபிரெட் ஐக்கர் நிறுவிய ஈ.சி.எம். இசைத்தட்டு நிறுவனத்துக்காக எபர்ஹார்டு வெபர் வாசித்த மின்பாஸ், அகன்ற முழக்கத்தையே தன் இருப்பிடமாக்கிக்கொண்டது. ஸ்வரங்கள் சிலவாகவும் அவற்றின் இடைவெளி பெரிதாகவும் அமைந்தமையால் அது கலங்கவில்லை.

1976இல் ஈ.எம்.டி. 250, 1978இல் லெக்ஸிகன் 224 ஆகிய எண்முறை எதிர்முழக்க யந்திரங்கள் வந்தன. 1987இல் பாஸ் (Boss) என்னும் பெயருடைய நிறுவனத்தின் ஆர்.வி.-2 காலால் மிதிக்கும் சிறு பெட்டிக்குள் அதே வித்தையை அடக்கிற்று. நாதத்தை இரு பிரிவாக்கி, தாழ்ந்த பகுதியை உலர்ந்தவாறே விடுத்து, வினாடிக்கு ஏறத்தாழ 200 அதிர்வுகளுக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் முழக்கத்துக்கு அனுப்பும் முறை இக்காலத்தில் பெரிதும் வழங்குகிறது. முழக்கம் தொடங்குவதற்கு முன் சிறு தாமதத்தை இடையே வைத்து, விரல் தந்தியைத் தீண்டும் ஓசைக்கு வழிவிடுவதும் உண்டு.

இராமநாதபுரம் சீமையின் கோயில் திருவிழாக்களிலும் முளைப்பாரி இரவுகளிலும் நடைபெறும் மெல்லிசைக் கச்சேரிகளில் இப்பிரச்சினை தலைகீழாகிவிடுகிறது. பொட்டலிலும் கண்மாய்க் கரையிலும் ஒலியைத் திருப்பியனுப்பச் சுவரே இல்லையாதலால், மிக்சரில் அமர்பவர் எக்கோ என்று பேச்சில் வழங்கும் எதிர்முழக்கத்தைத் தம் கையாலேயே உண்டாக்க வேண்டியவராகிறார். தேர்ந்தவர் பாடகரின் மைக்குக்கு அதனைத் திறந்துவிட்டு, பாஸ் கித்தாரின் குமிழை முற்றிலும் மூடிவைப்பர். பழக்கமில்லாதவர் எல்லாவற்றுக்கும் திறந்துவிட, பெரிய பாக்ஸுகளிலிருந்து கிளம்பும் பேரிரைச்சலில் பாஸ் வாசிப்பவரின் உழைப்பு முழுவதும் வீணாகும். திறந்த வெளியில் பாஸுக்கு முழக்கம் வேண்டுமாயின், தனி ஆவர்த்தனம் வாசிக்கும் சிறு நேரத்துக்கு மட்டும், அதுவும் மேல் ஸ்தாயிக்கு மட்டும், அதனைச் சேர்ப்பதே தக்கது.