காணாமற்போன கணவனும் ஷரீஅத்தின் நோக்கமும்

இஸ்லாமியச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விதிகளையே எடுத்துரைக்கின்றனர். அவ்விதிகள் எதன்பொருட்டு வகுக்கப்பட்டன என்று வினவுவோர் சிலரே. ஆயினும் அவ்வினா புதியதன்று. சமயம், உயிர், அறிவு, வழித்தோன்றல், உடைமை ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்றார் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. 1388இல் மறைந்த கிரானடா நகரத்து ஷாத்திபி, தம் 'அல்முவாஃபகாத்' நூலில் அதனை விரித்துரைத்தார். அரபியில் 'மகாஸித்' எனப்படும் இந்நோக்கங்கள் ஏட்டோடு நின்றுவிட்டனவா என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை உண்டு.

கணவன் சென்ற இடம் தெரியவில்லை. இருக்கிறானா, இறந்தானா என்று சொல்வாரும் இல்லை. மனைவி என்செய்வாள்? இந்திய முஸ்லிம்களில் மிகப் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பழைய விதிப்படி, கணவனின் வயதையொத்தோர் எல்லாம் மறையும் காலம்வரை அவள் காத்திருத்தல் வேண்டும். அவனுக்குத் தொண்ணூறு வயது நிறையும்வரை எனக் கணக்கிட்டோரும் உண்டு. இருபது வயதுப் பெண்ணுக்கு இஃது ஆயுள் தண்டனையன்றி வேறென்ன? கடலோர மரக்காயர் பெரும்பாலும் சார்ந்துள்ள ஷாபிஈ மத்ஹபின் பிற்காலக் கருத்தும் இதனினும் எளிதன்று. நம் வடக்குத்துக்குத் தென்கிழக்கே உள்ள பரங்கிப்பேட்டை முதல் நாகூர்வரை, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய ஆடவர் எத்தனை பேர்! கடிதத்தை எதிர்நோக்கி வாசலில் நின்ற பெண்டிர் எத்தனை பேர்!

விதியின் இறுக்கம் தாளாது, பஞ்சாபில் பெண்கள் சிலர் மதம் மாறியதாக அறிவித்து மணத்தளையை அறுத்துக்கொண்டனர். மனைவி மதம் மாறினால் மணம் முறியும் என்பது அன்றைய நீதிமன்றங்கள் ஏற்ற முடிவு. சமயத்தைக் காக்க வந்த சட்டமே சமயத்தினின்று வெளியேறும் வாயிலாயிற்று!

கவலையுற்ற மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி, தாம் உறுதியான ஹனஃபியாக இருந்தும், மதீனாவின் மாலிகி அறிஞர்களிடம் ஃபத்வா கேட்டுப் பெற்று, 1931இல் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்னும் நூலை வெளியிட்டார். மாலிகி வழக்கில் நான்காண்டுக் காத்திருப்பே போதும். அது கலீஃபா உமரின் தீர்ப்பைத் தழுவியது. தானவி 'மகாஸித்' பேசி இம்முடிவுக்கு வரவில்லை. நெருக்கடியில் பிற மத்ஹபை நாடலாம் என்னும் பழைய வாயிலாகவே நுழைந்தார். சென்றடைந்த இடம் ஒன்றே என்பது என் கருத்து.

முஹம்மது அஹ்மத் காஸ்மி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மசோதா, 1939 மார்ச் 17ஆம் நாள் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாயிற்று. நான்காண்டுகள் தகவலின்மை, இரண்டாண்டுகள் பராமரிப்பின்மை, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை முதலியன மணமுறிவுக்குக் காரணங்களாயின. மனைவியின் மதமாற்றம் மட்டுமே மணத்தை முறிக்காது என்றும் அச்சட்டம் கூறிற்று. முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்று உலமாக்கள் கோரிய விதி மட்டும் கைவிடப்பட்டது. அவர்கள் வருந்தியதில் வியப்பில்லை; தாம் தொடங்கி வைத்த சட்டம் தம் கையைவிட்டு நழுவியதை அவர்கள் கண்டனர்.

1942இல் மலாயாவும் பர்மாவும் ஜப்பானியர் வசமாகிக் கடல்வழி அடைபட்டபோது, கடிதம் நின்றுபோன வீட்டுப் பெண்களுக்கு இச்சட்டம் முன்னரே இருந்தது.

கணவனையும் அது மறக்கவில்லை. காணாமற்போனவன் வழக்கில் தீர்ப்பு ஆறு திங்கள் நடைமுறைக்கு வாராது. அதற்குள் அவன் திரும்பி, இல்லறக் கடமையை ஏற்க முன்வந்தால் தீர்ப்பு நீக்கப்படும். இன்று வளைகுடாவுக்குச் செல்வோர் கையில் கைப்பேசி உள்ளது. ஆகவே காணாமற்போனவர்களைவிட, இருக்குமிடம் தெரிந்தும் பணம் அனுப்பாதவர்களைப் பற்றிய பிரிவே நம் ஊர்ப் பெண்களுக்கு மிகுதியும் தேவைப்படுகிறது. அதற்கு நான்காண்டும் வேண்டா, இரண்டாண்டே போதும்.