வான்கூவர் மேற்கோள் முறை

வான்கூவர் மேற்கோள் முறை என்பது மருத்துவ ஆய்விதழ்களுக்கு அனுப்பப்படும் கட்டுரைகளில் சான்றுகளைக் குறிப்பிடப் பரவலாகப் பயன்படும் எண்வழி முறையாகும். கட்டுரையின் உரையில் ஓர் எண் இடப்பட்டு, அவ்வெண்ணுக்குரிய நூல் அல்லது கட்டுரையின் முழு விவரம் இறுதியிலுள்ள பட்டியலில் தரப்படுகிறது. சமூக அறிவியல் துறைகளில் வழங்கும் ஆசிரியர்-ஆண்டு முறையிலிருந்து இது வேறுபட்டது.

வரலாறு

1978 ஆம் ஆண்டு சனவரியில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். ஒவ்வோர் இதழும் தனித்தனி வடிவத்தைக் கேட்டதால், ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை மற்றோர் இதழுக்கு அனுப்ப முழுவதும் மீண்டும் தட்டச்சிட வேண்டியிருந்தது. இதனைத் தவிர்க்க வகுக்கப்பட்ட பொது விதிகள் 1979 இல் முதன்முதலாக வெளியிடப்பட்டன. மேற்கோள் வடிவத்தை ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கியது. வான்கூவர் குழு பின்னர் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவாக விரிவடைந்தது.

அமைப்பு

சான்றுகள் உரையில் முதலில் இடம்பெறும் வரிசைப்படி 1, 2, 3 என எண்ணிடப்படுகின்றன. ஒரே சான்று மீண்டும் சுட்டப்பட்டால் பழைய எண்ணே பயன்படுத்தப்படும். பட்டியல் அகரவரிசையில் அமைவதில்லை. இதழ்க் கட்டுரைக்கான பொது வடிவம் பின்வருமாறு:

ஆசிரியர்கள். கட்டுரைத் தலைப்பு. இதழின் சுருக்கப் பெயர். ஆண்டு;தொகுதி(வெளியீடு):பக்கங்கள்.

* ஆசிரியர் பெயரில் குடும்பப்பெயர் முதலிலும், தலைப்பெழுத்துகள் புள்ளியின்றி அதன் பின்னும் வரும்.
* ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேற்பட்டால் முதல் அறுவரை எழுதி "மற்றும் பிறர்" எனச் சேர்ப்பது பல இதழ்களின் வழக்கம்.
* இதழின் பெயர் தேசிய மருத்துவ நூலகம் ஏற்ற சுருக்க வடிவில் இருத்தல் வேண்டும்.
* ஆண்டை அடுத்து அரைப்புள்ளியும், தொகுதியை அடுத்து முக்காற்புள்ளியும் இடைவெளியின்றி இடப்படும்.
* பக்க எண்களில் மீண்டும் வரும் இலக்கங்கள் நீக்கப்படும். 819 முதல் 827 வரை என்பது 819-27 என எழுதப்படும்.

செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கோள் விவரங்கள் ஏன் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடைபெற்ற பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வு சிறந்த எடுத்துக்காட்டாகும். 1968 இல் தொடங்கிய இவ்வாய்வில் 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 2,81,161 பேருக்குக் குலுக்கல் முறையில் பி.சி.ஜி. மருந்தோ மருந்தற்ற போலி ஊசியோ போடப்பட்டது.

இதன் முதல் அறிக்கை 1979 இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் (தொகுதி 57, பக்கங்கள் 819-27) வெளிவந்தது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 1999 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயின. இக்கட்டுரையின் மேற்கோள், தமிழாக்கிக் காட்டினால், பின்வருமாறு அமையும்:

காசநோய் ஆய்வு மையம், சென்னை. தென்னிந்தியாவில் காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்து ஆய்வின் பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பு. இந்தியன் ஜெ மெட் ரெஸ். 1999;110:56-69.

இங்கு தனிமனிதர் எவரும் ஆசிரியராகக் குறிக்கப்படவில்லை, நிறுவனமே ஆசிரியர். 1980 ஆம் ஆண்டின் விரிவான அறிக்கையிலோ ஆசிரியர் இடத்தில் "காசநோய்த் தடுப்பு ஆய்வு, மதராசு" என்ற பெயர் உள்ளது. 1996 இல் மதராசு, சென்னை எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1997 இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2011 இல் காசநோய் ஆய்வு மையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. 2019 இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. எனினும் ஆய்வு நடந்த ஊர்களில் பல இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன.

இதனால் ஒரே ஆய்வு மருத்துவ இலக்கியத்தில் "சிங்கிள்புட்" ஆய்வு, மதராசு ஆய்வு, தென்னிந்திய ஆய்வு என வெவ்வேறு பெயர்களில் சுட்டப்படுகிறது. தொகுப்பாய்வு செய்வோர் கவனம் தவறினால் இதனை இரண்டு அல்லது மூன்று ஆய்வுகளாகக் கணக்கிட்டுவிட இயலும். பட்டியலில் பெயர்களை மூலத்தில் அச்சிடப்பட்டவாறே எழுத வேண்டும். மதராசைச் சென்னை எனத் திருத்தக் கூடாது. விளக்கம் தேவையெனில் அதனை உரையில் தரலாம். மாமல்லபுரம், மகாபலிபுரம் என இரு பெயர்கள் வழங்கும் கடற்கரைப் பகுதியைப் பற்றிய கட்டுரைகளைத் தேடும்போதும் இரண்டையும் இட்டுத் தேடுதல் நன்று.

பொருளறிந்து மேற்கோள் காட்டல்

வடிவம் சரியாக இருப்பது மட்டும் போதாது. 1999 ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, பி.சி.ஜி. மருந்து கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவில்லை. சிறுவர்களில் 27 விழுக்காடு என்ற குறைந்த பாதுகாப்பே காணப்பட்டது. அதன் நம்பக இடைவெளியோ -8 முதல் 50 வரை இருந்தது. இதனை "பி.சி.ஜி. பயனற்றது" என்ற கூற்றுக்குச் சான்றாக எண்ணிடுவது தவறாகும். குழந்தைகளுக்கு ஏற்படும் மூளையுறைக் காசநோய் போன்ற கடும் வடிவங்களிலிருந்து இம்மருந்து பாதுகாப்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இம்மருந்து போடப்படுவது அதனாலேயே ஆகும்.

தவறான மேற்கோள் உயிர்களையும் பாதிக்கும். 1980 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றோரிடம் அபின் வகை வலிநீக்கிகளுக்கு அடிமையாதல் அரிது எனக் கூறும் ஒரு பத்தி அளவிலான கடிதம் வெளிவந்தது. 2017 இல் அதே இதழ் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அக்கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றுள் 439 கட்டுரைகள் அதனை அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாக்கின. பெரும்பாலானவை அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தோர் என்பதைக் குறிப்பிடவில்லை. வட அமெரிக்காவில் இவ்வகை மருந்துகளால் நேர்ந்த பெருந்துயருக்கு இம்மேற்கோள்களும் துணைபுரிந்தன எனக் கணக்கெடுத்தோர் கருதினர்.

தமிழ்ப் பெயர்கள்

தமிழர் பெயரில் பொதுவாகக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டாக வருகிறது. எடுத்துக்காட்டாக, க. முருகன் என்பவர் பட்டியலில் "முருகன் க" என வருவார். ஆனால் கடவுச்சீட்டு போன்ற ஆவணங்களில் தந்தை பெயர் விரித்தெழுதப்படும்போது "முருகன் கந்தசாமி" என்றாகி, மேற்கோளில் "கந்தசாமி மு" எனத் தலைகீழாகிவிடும். ஒருவரது கட்டுரைகள் இருவருடையவை போலப் பிரிந்துவிடுகின்றன. எனவே முதல் கட்டுரையிலிருந்தே ஒரே பெயர் வடிவைப் பேணுவது நல்லது. 2012 இல் தொடங்கிய ஆர்கிட் எனும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணும் இச்சிக்கலைக் குறைக்கிறது.

சரிபார்த்தல்

* மூலக் கட்டுரையைப் படித்த பின்னரே மேற்கோள் காட்ட வேண்டும். பிறர் பட்டியலிலிருந்து படியெடுத்தால் அவர்களின் பிழைகளும் உடன் வரும்.
* ஒவ்வொரு மேற்கோளையும் பப்மெட் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.
* கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டுள்ளதா என நோக்க வேண்டும்.
* மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் நிறுத்தற்குறிகளைச் சீராக்குமே அன்றி, தவறான ஆண்டையோ பக்கத்தையோ திருத்துவதில்லை.
* செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத கட்டுரைகளுக்கும் பிழையற்ற வடிவில் மேற்கோள் ஆக்கித் தருவதுண்டு. அவற்றை அப்படியே ஏற்றல் கூடாது.

இவற்றையும் பார்க்க

* பி.சி.ஜி. தடுப்பு மருந்து
* தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்
* செங்கல்பட்டு மாவட்டம்