சாதாரணக் குடிமக்களின் நாட்டுப்பற்று: நார்வேயின் ஆசிரியர்களும் திருச்சபையும் (1940–1945)

நாட்டுப்பற்று என்னும் சொல்லைக் கேட்டவுடன் போர்க்களமும் கொடியும் மேடைப் பேச்சும் நம் நினைவுக்கு வருகின்றன. போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எழுப்பிய மரபு நம்முடையது. ஆனால் ஆயுதம் ஏந்தாதவரும் பதவி வகிக்காதவரும், காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகிறவருமான எளிய குடிமக்கள் தம் நாட்டை நேசிக்கிறார்கள் என்றால் அதற்கு என்ன பொருள்? அந்நேசம் எதில் வெளிப்படும்? எதனால் அளக்கப்படும்? இவ்வினாவுக்கு வரலாறு அளிக்கும் தெளிவான விடைகளுள் ஒன்று நார்வே நாட்டிலிருந்து வருகிறது. 1940 முதல் 1945 வரை ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் அந்நாட்டின் பள்ளி ஆசிரியரும் பெற்றோரும் சபைக் குருமாரும் நடந்துகொண்ட முறை நமக்குப் பாடமாக அமைகிறது. அதே வரலாற்றின் மற்றொரு பக்கம் நமக்கு எச்சரிக்கையாகவும் அமைகிறது.

1. சொல்லைக் கைப்பற்றியவர்கள்

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் நார்வேக்குள் புகுந்தன. விட்கூன் க்விஸ்லிங்கைத் தலைமை அமைச்சராக ஏற்குமாறு ஜெர்மானியர் விடுத்த கோரிக்கையை மன்னர் ஏழாம் ஹோக்கன் மறுத்தார். இரண்டு மாதப் போருக்குப் பின் மன்னரும் அரசும் சூன் 7ஆம் நாள் நாட்டைவிட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டனர். ஹிட்லரின் ஆணையராக யோசெஃப் டெர்போவன் ஆட்சி செலுத்தினார். அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் ஒரு கட்சியைத் தவிர ஏனைய கட்சிகள் யாவும் தடை செய்யப்பட்டன.

தடை செய்யப்படாத அக்கட்சி க்விஸ்லிங் 1933இல் தோற்றுவித்தது. அதன் பெயருக்குத் 'தேசிய ஒன்றிணைப்பு' என்று பொருள். க்விஸ்லிங் லுத்தரன் குரு ஒருவரின் மகன்; இராணுவ அதிகாரியாகவும் ஒருகாலத்தில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். நாடாளுமன்றத் தேர்தல்களில் ஓர் இடமேனும் பெறாத அவருடைய கட்சி, அந்நியப் படையின் நிழலில் நின்றுகொண்டு தேசம், ஒற்றுமை, கடமை ஆகிய சொற்களைத் தனதாக்கிக் கொண்டது. ஆகவே நார்வே மக்கள் எதிர்கொண்ட முதற்சிக்கல் சொற்களைப் பற்றியதே. நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்களே நாட்டுப்பற்றின் மொழியைப் பேசும்போது, உண்மையில் நாட்டை நேசிக்கிறவர் எம்மொழியில் பேசுவது?

தொடக்கத்தில் மக்கள் சிறு அடையாளங்களால் பேசினர். காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிக் கிளிப்பை மாணவர் தம் சட்டையில் குத்திக்கொண்டனர். நாம் ஒன்றாகப் பிணைந்திருக்கிறோம் என்பது அதன் பொருள். சிவப்புக் கம்பளித் தொப்பி எதிர்ப்பின் சின்னமாகி 1942இல் தடை செய்யப்பட்டது. மன்னரின் எழுபதாவது பிறந்த நாளில் பலர் சட்டையில் மலர் சூடினர். இவற்றை அற்பமென ஒதுக்க வேண்டுவதில்லை. அச்சத்தில் தனித்துப்போன மக்களுக்கு, 'நான் மட்டும் அல்லேன்' என்று இவை அறிவித்தன. எனினும் அடையாளம் அணிவது வேறு, வாழ்க்கைப்பாட்டையே பணயம் வைப்பது வேறு. அதற்கான நாள் 1942இல் வந்தது.

2. ஆசிரியர்களின் மறுப்பு

1942 பிப்ரவரி முதல் நாள் க்விஸ்லிங் அரசுத் தலைவரானார். நான்கு நாட்களில் இரு சட்டங்கள் பிறந்தன. முதலாவது, ஆசிரியர் அனைவரும் புதிய அரசுச் சங்கம் ஒன்றின் உறுப்பினராக வேண்டும் என்றது. இரண்டாவது, 10 முதல் 18 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் யாவரும் கட்சியின் இளைஞர் அமைப்பில் பணியாற்ற வேண்டும் என்றது. குழந்தைகளின் மனத்தைக் கைப்பற்றினால் நாட்டின் எதிர்காலத்தையே கைப்பற்றலாம் என்பது ஆட்சியாளரின் கணக்கு.

ஓஸ்லோவில் மறைவாகச் செயற்பட்ட சிறு குழுவொன்று சுருக்கமான அறிக்கை ஒன்றை உருவாக்கி நாடெங்கும் பரப்பியது. கட்சியின் நெறிப்படி இளைஞரை உருவாக்குவதில் பங்கு பெறுவது தம் மனச்சாட்சிக்கு மாறானது என்றும், ஆகவே புதிய சங்கத்தின் உறுப்பினராகத் தம்மைக் கருத இயலாது என்றும் அது கூறியது. ஏறக்குறைய 14,000 ஆசிரியருள் 12,000 பேர் அளவில் இவ்வறிக்கையைத் தம் கையொப்பத்துடன் கல்வித் துறைக்கு அனுப்பினர். இங்குக் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. கூட்டமாகக் கூடி முழக்கமிடுகிறவருக்குக் கூட்டமே மறைவிடம். இவர்களோ தம் பெயரும் முகவரியும் எழுதி, தனித்தனியே, ஆனால் ஒருமித்து மறுத்தனர்.

அரசு எரிபொருள் பற்றாக்குறை என்று காரணம் காட்டிப் பள்ளிகளை மூடியது. ஆசிரியர் பலர் வீடுகளில் பாடம் நடத்தினர். பெற்றோரிடமிருந்து மறுப்புக் கடிதங்கள் பெருவெள்ளமாய் வந்தன. அவை சுமார் 2 இலட்சம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மார்ச் மாதத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண் ஆசிரியர் கைது செய்யப்பட்டனர். முகாம்களில் அவர்களைப் பனியிலும் சேற்றிலும் தவழவும் ஓடவும் செய்து வதைத்தனர். பணிந்து கையொப்பமிட்டால் விடுதலை என்று கூறப்பட்டும் மிகச் சிலரே பணிந்தனர். ஏப்ரலில் ஏறத்தாழ 500 பேர் முதலில் மாட்டு வண்டித் தொடரிலும், பின்னர் 'ஷெர்ஸ்டாட்' என்னும் சிறு கரையோரக் கப்பலிலும் அடைக்கப்பட்டு, ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் அப்போதைய பின்லாந்து எல்லையை அடுத்திருந்த கிர்க்கெனஸுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு அவர்கள் கப்பல்களில் சரக்கு இறக்கும் கடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். ஊதியமிழந்த அவர்தம் குடும்பங்களை அண்டை அயலார் மறைவாகத் திரட்டிய பணத்தால் காத்தனர்.

பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, எஞ்சியிருந்த ஆசிரியர் மாணவர் முன் நின்று தம் நிலையை விளக்கினர். அறிவு புகட்டுவதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை, உண்மையையும் நீதியையும் நம்பவும் நாடவும் கற்பிப்பதும் அப்பணியே என்பது அவ்விளக்கத்தின் சாரம். மே மாதம் பள்ளி ஒன்றுக்குச் சென்ற க்விஸ்லிங், தம் திட்டம் அனைத்தையும் ஆசிரியர் அழித்துவிட்டதாகச் சினந்து கூச்சலிட்டார். அவர் கூறியது உண்மையே. நாட்டின் தொழில்கள் யாவற்றையும் கட்சியின் சங்கங்களாக்கும் திட்டம் கைவிடப்பட்டது. நவம்பருக்குள் கிர்க்கெனஸிலிருந்த ஆசிரியர் வீடு திரும்பினர்.

3. திருச்சபையின் நிலை

க்விஸ்லிங் பதவியேற்ற அன்றே ட்ரொண்ட்ஹைம் நகரின் நிடாரோஸ் பேராலயத்தில் கட்சி தன் வழிபாட்டை நடத்தியது. அவ்வாலயத்தின் குருவான ஆர்னே ஃபியெல்பு தம் சபைக்குரிய ஆராதனையைப் பிற்பகலில் வைத்தார். காவலர் வாயிலை அடைக்கவே, உள்ளே செல்ல முடியாத மக்கள் கடுங்குளிரில் வெளியே நின்று, 46ஆம் சங்கீதத்தைத் தழுவி லூத்தர் இயற்றிய பாமாலையைப் பாடினர். ஃபியெல்பு பதவி நீக்கம் செய்யப்பட்டார். பிப்ரவரி 24ஆம் நாள் நாட்டின் பேராயர் எழுவரும் அரசு அளித்த பதவியைத் துறந்தனர். ஆயினும் திருநிலைப்பாட்டால் பெற்ற ஊழியத்தைத் துறக்கவில்லை என்று அறிவித்தனர். ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்தெழுந்த திருநாளன்று, 'திருச்சபையின் அடித்தளம்' என்னும் அறிக்கை சபைகளில் வாசிக்கப்பட்டது. குருமாருள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் அரசு ஊதியத்தைக் கைவிட்டுச் சபை மக்களின் காணிக்கையால் வாழ்ந்தனர்.

ஓஸ்லோவின் பேராயர் ஐவிண்ட் பெர்க்ராவ் தொடக்க மாதங்களில் சமாதானத் தீர்வை நாடி உழைத்தவர். கலகத்தை விரும்பும் இயல்பினர் அல்லர். ஆயினும் 1941இல் அவர் ஆற்றிய உரையொன்று, வண்டியோட்டி மதியிழந்துவிட்டால் பயணிகளின் கடமை யாது என்னும் கேள்வியை எழுப்பிற்று. உரோமர் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி லுத்தரன் சபைகள் அரசுக்குக் கீழ்ப்படிதலையே வலியுறுத்தி வந்தன. சட்டத்தை மிதிக்கும் அரசு கடவுள் நியமித்த அதிகாரம் அன்று என்றும், அங்கே கீழ்ப்படியாமையே கடமை என்றும் பெர்க்ராவ் லூத்தரின் எழுத்துக்களிலிருந்தே எடுத்துக்காட்டினார். 1942 ஏப்ரலில் கைதான அவர், போர் முடியும் தறுவாய் வரை காட்டு வீடொன்றில் காவலில் வைக்கப்பட்டார்.

4. நம்மவர் யார்?

இதுவரை கண்டது ஒளியுள்ள பக்கம். மறுபக்கத்தை மறைத்தால் வரலாறு புகழ்மாலை ஆகிவிடும்.

நார்வேயர் போற்றும் 1814ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, யூதர் அந்நாட்டில் நுழைவதைத் தடை செய்திருந்தது. கவிஞர் ஹென்ரிக் வெர்கெலாண்ட் அத்தடையை எதிர்த்துப் போராடினார். அவர் மறைந்தபின், 1851இல் அது நீக்கப்பட்டது. 1942 மார்ச்சில் க்விஸ்லிங் அதை மீண்டும் புகுத்தினார். அக்டோபர் 26ஆம் நாள் யூத ஆண்கள் கைது செய்யப்பட்டனர். நவம்பர் 26ஆம் நாள் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஓஸ்லோ துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களைக் கைது செய்தவர் பெரும்பாலும் நார்வேக் காவலர். ஏற்றிச் சென்றவை ஓஸ்லோவின் வாடகைக் கார்கள். அன்று 'டோனாவ்' என்னும் கப்பல் 500க்கு மேற்பட்டோரைச் சுமந்து புறப்பட்டது. சுமார் 2,100 யூதருள் 770க்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர்; உயிருடன் திரும்பியோர் 40 பேருக்கும் குறைவு.

திருச்சபைத் தலைவர்கள் நவம்பரில் க்விஸ்லிங்குக்குக் கண்டனக் கடிதம் எழுதினர்; அது டிசம்பரில் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. பாராட்டத்தக்க செயலே. ஆனால் பள்ளிக்காக எழுந்த 12,000 கையொப்பங்களும் இலட்சக்கணக்கான கடிதங்களும் யூத அயலாருக்காக எழவில்லை. பள்ளிப் போராட்டத்தில் ஆபத்து தம் குழந்தைகளுக்கு வந்தது. ஆகவே நாடே எழுந்தது. அக்டோபரில் ஆபத்து 'பிறர்' என எண்ணப்பட்டோருக்கு வந்தது. அங்குத் தனி மனிதரே எழுந்தனர். ஓஸ்லோவில் செடி வளர்த்து விற்ற ஒருவரின் தோட்டத்தில் மக்கள் ஒளிந்திருந்து சரக்கு வண்டிகளில் சுவீடன் எல்லையை அடைந்தனர். அத்தோட்டக்காரர் 1944இல் கொல்லப்பட்டார். இத்தகைய ஓட்டுநர், உழவர், செவிலியர் ஆகியோரின் துணையால் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூதர் தப்பினர்.

1945 மே 8ஆம் நாள் விடுதலை வந்தது. க்விஸ்லிங்குக்கு அக்டோபரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் பெயரே துரோகிக்கு மறுபெயராயிற்று. அதே விடுதலையின் மகிழ்ச்சியில், ஜெர்மானிய வீரருடன் உறவு கொண்ட பெண்கள் தெருவில் அவமதிக்கப்பட்டனர். அவர்கள் பெற்ற குழந்தைகள் பல ஆண்டுகள் இழிவைச் சுமந்தனர். யூதருக்கு நேர்ந்ததற்காக நார்வேயின் தலைமை அமைச்சர் 2012இலும், அப்பெண்களுக்கு இழைத்ததற்காக அவருக்குப் பின்வந்த தலைமை அமைச்சர் 2018இலும் மன்னிப்புக் கேட்டனர். தன் நாடு செய்த தவற்றை அறிக்கையிடுவதும் நாட்டை நேசிப்பதன் ஒரு பகுதியே. எழுபது ஆண்டுகள் தாழ்த்தி வந்தாலும் அது வேண்டியதே.

5. நாம் கற்பன

முதலாவது, எளிய குடிமகனின் நாட்டுப்பற்று அவனது அன்றாடப் பணியில் வேர் கொண்டுள்ளது. அந்த ஆசிரியர் புதிதாக எதையும் செய்யப் புறப்படவில்லை. ஆசிரியராகவே இருப்போம் என்றனர். ஒவ்வொருவரின் தொழிலும் கடவுளின் அழைப்பு என்று சீர்திருத்தத் தந்தையர் கற்பித்ததை நாம் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுகிறோம். பொய்க் கணக்கு எழுத மறுக்கும் எழுத்தரும், சாதி பார்த்து மாணவரைப் பிரிக்க மறுக்கும் ஆசிரியரும், கையூட்டு வாங்க மறுக்கும் அலுவலரும் நாட்டுக்குச் செய்வது, கொடியேற்றத்தில் நிற்பதைவிடக் குறைந்தது அன்று.

இரண்டாவது, மனச்சாட்சி தனிமனிதனுடையதாயினும் அது தனித்து நெடுநாள் நிற்பது அரிது. கையொப்பமிட்டவரின் பின்னால் அவர் குடும்பத்துக்கு அரிசி அளந்த அண்டை வீட்டார் இருக்க வேண்டும். சபை என்பது அத்தகைய அண்டை வீடாக இருக்கிறதா?

மூன்றாவதே கடினமானது. நாட்டுப்பற்றின் அளவுகோல், 'நம்மவர்' என்னும் சொல்லுக்குள் யார் அடங்குகிறார்கள் என்பதே. 'எனக்குப் பிறன் யார்?' என்று நியாயசாஸ்திரி கேட்டதும் இதே கேள்விதான். சிறுபான்மையாய் வாழும் நம் சபைகளுக்கு ஒரு சோதனை உண்டு: நம் பற்றை மெய்ப்பிக்கும் ஆவலில் பிறரினும் உரத்துக் குரலெழுப்புவதும், நமக்கு இடர் வரும்போது மட்டும் உரிமை பேசுவதும். ஆகஸ்டு 15ஆம் நாளும் சனவரி 26ஆம் நாளும் நாம் நாட்டுக்காக மன்றாடுகிறோம், அது நன்று. அம்மன்றாட்டில் நம் ஊர்ச் சேரியும், நம்மினும் சிறுபான்மையோரும், குடியுரிமைத் தாள் ஏதுமின்றி அஞ்சி வாழ்வோரும் இடம்பெறுகின்றனரா என்பதை, அருளுரைக்கு ஆயத்தமாகும் ஒவ்வொருவரும் மேடை ஏறுமுன் கேட்டுக்கொள்ளுதல் தகும்.