சந்தவாசல் கஞ்சாவும் தண்டுவட வலியும்

1911 வரை திருத்தணி வடஆர்க்காடு மாவட்டத்து ஊர். கார்வேட்டிநகர் ஜமீனுக்குள் அடங்கியிருந்தது. அதே மாவட்டத்தின் தெற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தில் போளூருக்கு அருகே இருப்பது சந்தவாசல். வெள்ளையர் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிரிட அனுமதி பெற்றிருந்த மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. குண்டூர்ப் பக்கத்துத் தக்குபாடு இன்னொன்று. விளைந்தது அரசுக் கிடங்குக்குப் போகும். உரிமம் பெற்ற கடைக்காரர்கள் தீர்வை கட்டி அங்கிருந்து எடுத்துச் செல்வார்கள்.

புகைப்பதற்கு மட்டும் வாங்கப்பட்ட சரக்கல்ல அது. சிவமூலி, பங்கி என்றெல்லாம் பெயர் பெற்ற இச்செடி சித்த மருத்துவத்தில் வலிக்கும் தூக்கமின்மைக்கும் வயிற்றுப்போக்குக்கும் லேகியமாகவும் சூரணமாகவும் சேர்ந்திருந்தது. பச்சையாக யாரும் கொடுப்பதில்லை. சுத்தி செய்தாக வேண்டும். இலையைப் பச்சைச் சாயம் போகும்வரை நீரில் கழுவிக் கழுவி ஊற்றி, பாலில் வேகவைத்து, உலர்த்தி, நெய்யில் வறுப்பது ஒரு முறை. இதில் இருக்கும் அறிவு வியக்கத்தக்கது. செடியின் வீரியப் பொருள் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். சூடு பட்டால்தான் முழு வீரியம் பெறும். எத்தனை முறை கழுவினாலும் மருந்து போகாமல் அழுக்கும் கசப்பும் போவதும், பாலும் நெய்யும் மருந்தைத் தாங்கிக்கொள்வதும் அதனால்தான். வேதியியல் இதற்கு விளக்கம் சொல்லப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஐரோப்பிய மருத்துவர்களில் இதைக் கவனித்து எழுதியவர்களுள் முந்தியவர் சென்னையில் பணியாற்றிய ஒயிட்லா ஐன்ஸ்லி. 1813இல் சென்னையில் அச்சான அவருடைய மருந்துப்பொருள் நூல் நாட்டு மருந்துகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்தது. கஞ்சாவைச் சோதித்துப் பார்த்தவர் கல்கத்தாவில் இருந்த வில்லியம் ஓஷாக்னஸி. 1839இல் அவர் வெளியிட்ட கட்டுரை விலங்குகளில் தொடங்கி, வாதநோய், காலரா, தனுர்வாதம் கண்டவர்களுக்குக் கஞ்சாப் பிசினைக் கொடுத்துப் பார்த்ததை விவரிக்கிறது. தனுர்வாதத்தின் கொடிய இழுப்பு தணிந்ததுதான் அவரை மிகவும் பாதித்தது. அவர் வழியாக மருந்து லண்டன் போனது. சாராயத்தில் ஊறிய கஞ்சாத் திராவகம் பிரிட்டனின் மருந்தேட்டில் 1932 வரை இடம்பெற்றது. ஆனால் ஒரு புட்டியின் வீரியம் இன்னொன்றில் இல்லை. கஞ்சா பழசானால் வலுக்குறையும்; நீரில் கரையாததால் ஊசியில் ஏற்ற முடியாது. மார்பின் ஊசியும் ஆஸ்பிரினும் வந்தபின் மேலை மருத்துவர்கள் கைவிட்டதற்கு இதுவே முதல் காரணம்.

1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. அளவோடு பயன்படுத்துவதால் பெருங்கேடு இல்லை என்றும், முழுத்தடை வேண்டாம், தீர்வையும் கட்டுப்பாடும் போதும் என்றும் அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது.

ஆனாலும் கஞ்சா தாராளமாகக் கிடைத்த அந்தக் காலத்தில் தண்டுவடக் காயத்தின் நாட்பட்ட வலிக்கு அதை யாரும் பெரிதாகச் சோதித்ததாகத் தெரிவதில்லை. மறதியோ அலட்சியமோ காரணமல்ல. அப்படிப்பட்ட நோயாளி அநேகமாக உயிரோடு இருந்ததில்லை. பனையிலிருந்தோ கிணற்றிலோ விழுந்து முதுகு முறிந்தவர், படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கண்டு, சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார். ஐரோப்பாவிலும் முதல் உலகப்போர் வரை இதே கதிதான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவிலில் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவும், கிருமிக்கொல்லி மருந்துகளும் வந்தபிறகே காயம்பட்டவர்கள் பல பத்தாண்டுகள் வாழ முடிந்தது. அப்போதுதான் இந்த வலியும் வெளித்தெரிந்தது.

விசித்திரமான வலி அது. உணர்வற்ற பாதத்தில் ஊசி குத்தினால் தெரியாது. அதே பாதம் இரவில் தணலில் வைத்ததுபோல் எரியும். கரண்ட் அடிப்பதுபோல் சுளீர் என்று பாயும். கால்கள் தாமே விறைத்து இழுக்கும். புண் ஆறியும் நரம்பே எழுப்பும் வலி என்பதால் சாதாரண வலிமாத்திரைக்கு அடங்காது.

தமிழ்நாட்டில் இந்த நோயாளிகளுக்கு விடிவு வந்ததும் அதே பழைய வடஆர்க்காட்டில்தான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இப்போது அது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அதற்குள் சந்தவாசல் மருந்து எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. 1937இன் சென்னை மதுவிலக்குச் சட்டம் கள், சாராயத்தோடு கஞ்சாவையும் போதைப்பொருளாக வரையறுத்தது. திருத்தணி அப்போது இருந்த சித்தூர் மாவட்டத்துக்கு மதுவிலக்கு 1938இல் வந்தது, வடஆர்க்காட்டுக்கு அடுத்த ஆண்டு. 1960இல் எல்லை மாற்றத்தின்போது திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மறு ஆண்டே ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூவையும் பிசினையும் தடைசெய்து இலையை மாநிலங்களிடம் விட்டது. தமிழகச் சட்டத்தில் இலைக்கும் விலக்கில்லை. மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு 1985 சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தாலும் அதன் வழியே சென்றவர்கள் மிகக் குறைவு. 2014இல் திருத்தம் வந்தபோது மார்பின் போன்றவற்றுக்குக் கெடுபிடி தளர்ந்தது, கஞ்சாவுக்கு அல்ல.

இதற்கிடையே ஆய்வு வேறு நாடுகளில் நடந்தது. 1964இல் இஸ்ரேலில் மெகுலமும் கயோனியும் கஞ்சாவின் வீரியப் பொருளான டி.எச்.சி.யைப் பிரித்தறிந்தார்கள். 1992இல் மனித உடலே சுரக்கும் அதையொத்த ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஆனந்தம் என்ற வடசொல்லை வைத்தே ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். தண்டுவடக் காயத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் சொற்பமே. 2016இல் அமெரிக்காவில் 42 பேரிடம் ஆவியாக்கிய கஞ்சாவைச் சோதித்தபோது போலி மருந்தைவிட வலி குறைந்தது. அளவு கூடக்கூட மயக்கமும் கூடியது. 2010இல் 7 பேரிடம் மட்டும் நடந்த டி.எச்.சி. மாத்திரைச் சோதனையில் பலன் தெரியவில்லை. இத்தனை குறைவான ஆட்களை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ தீர்த்துச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இன்று தண்டுவட நோயாளிக்கு வலிக்குக் காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், இழுப்புக்கு பாக்லோஃபென் என்றே மருந்துச்சீட்டு எழுதப்படுகிறது. ஆந்திராவிலிருந்து திருத்தணி வழியே வரும் ரயிலிலும் பேருந்திலும் போலீஸ் சோதனையில் பிடிபடும் மூட்டைகளே இப்பகுதிக்குத் தெரிந்த கஞ்சா. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் 27க்கு 25 என்ற வாக்கில் அதைக் கடும் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஜம்முவில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம் நரம்பு வலிக்கும் புற்றுநோய்க்கும் மருந்து உருவாக்க, அனுமதி பெற்றுக் கஞ்சா வளர்க்கிறது.